நிறம் மாற்றும்போது ஏர்பிரஷை விரைவாகச் சுத்தம் செய்வது எப்படி

ஒரு நிறத்தை அடித்து முடித்து அடுத்த நிறத்துக்குப் போகும் இடைவெளியில் ஏர்பிரஷை (காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் கைக்கருவி) முழுவதுமாகக் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படுவதில்லை. உள்ளே இருக்கும் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே அதை வெளியேற்றிவிட்டால் ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அதே வண்ணம் காய்ந்து படிந்துவிட்டால், வண்ணம் வெளியே வரும் நுண்துளை முனையான நாசிலைக் கழற்றி, ஊறவைத்து, துடைத்து எடுக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே, கடைசிப் பூச்சை அடித்து முடித்த உடனே, அடித்த பொருள் எப்படி வந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே, வண்ணம் ஊற்றும் கிண்ணத்தில் நீரை விட்டுவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும்.

மேலே கிண்ணம் வைத்த, விசையைக் கீழே அழுத்தினால் காற்றும் பின்னால் இழுத்தால் வண்ணமும் வரும் வகை ஏர்பிரஷை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்த வகையில் பழைய நிறம் ஒளிந்துகொள்ளும் இடங்கள் நான்கு. கிண்ணத்தின் அடியில் ஊசி குறுக்கே செல்லும் பள்ளம் முதலாவது. அங்கிருந்து நாசில் வரை ஊசியைச் சுற்றியுள்ள குறுகிய பாதை இரண்டாவது. நாசிலின் உட்புறக் கூம்பு மூன்றாவது. நாசிலை மூடியிருக்கும் முன்மூடியின் உள்விளிம்பு நான்காவது. கிண்ணத்தை மட்டும் பளிச்சென்று துடைத்துவிட்டு அடுத்த நிறத்தை ஊற்றுபவர்களுக்கு முதல் சில நொடிகள் சரியான நிறமே வரும். பிறகு, விசையை முழுதாகப் பின்னால் இழுக்கும் நேரத்தில், பள்ளத்தில் தங்கியிருந்த பழைய நிறம் கலந்து வெளிவரும். எனக்கே ஒருமுறை அடர்சிவப்புக்குப் பிறகு வெள்ளை அடித்தபோது முதல் இரண்டு பூச்சும் வெள்ளையாகவே விழுந்து, மூன்றாவது பூச்சில் லேசான ரோஜா நிறம் படர்ந்தது. கிண்ணத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஊசிக்குப் பின்பக்கம், பள்ளத்தின் சுவரோடு ஒட்டி, நகக்கண் அளவில் சிவப்பு ஒரு பிறை போலப் படிந்திருந்தது. அன்றிலிருந்து அந்த இடத்துக்கென்றே மெல்லிய தூரிகை ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன்பே, கை எட்டும் தூரத்தில், நீர் நிரப்பிய பிதுக்கு பாட்டில் ஒன்று, பயன்படுத்தும் வண்ணத்துக்கு ஏற்ற சுத்திகரிப்புத் திரவம், முடி உதிராத மென்மையான தூரிகை, பஞ்சு முனைக் குச்சிகள், டிஷ்யூ, அடித்து வெளியேற்றும் திரவத்தைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டியுள்ள சுத்திகரிப்புக் குடுவை ஆகியவற்றை எடுத்து வைத்துவிடுவது நல்லது. நிறங்களின் வரிசையையும் அப்போதே தீர்மானித்துவிடலாம். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, கறுப்பு என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலோட்டமான கழுவலே போதும், ஏனென்றால் பழுப்பில் கலந்த ஒரு துளி மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது, மஞ்சளில் கலந்த ஒரு துளி பழுப்பு உடனே தெரிந்துவிடும். உலோகப் பளபளப்பு உள்ள வண்ணங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டும்.

இனி செய்முறை. கிண்ணத்தில் வண்ணம் மிச்சம் இருந்தால் அதைக் குடுவையில் அடித்துத் தீர்ப்பதைவிட, சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் நிற்பதை டிஷ்யூவின் நுனியால் உறிஞ்சி எடுப்பது மேல். இதனால் நேரமும் மிச்சம், நாசில் வழியாகப் போக வேண்டிய வண்ணமும் குறைகிறது. பிறகு கிண்ணத்தில் கால் பங்கு நீர் (நீர் சாராத வண்ணமானால், கீழே சொல்லும் அதற்குரிய திரவம்) விட்டு, தூரிகையால் சுவரையும் பள்ளத்தையும் ஊசியின் இரு பக்கங்களையும் கலக்கிவிட வேண்டும். தூரிகையை ஊசியின் போக்கிலேயே நகர்த்த வேண்டும்; குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஊசி வளையும். கிண்ணத்துக்கு மூடி போட்டு வேலை செய்பவர்கள் அந்த மூடியின் உட்புறத்தையும் இப்போதே துடைத்துவிட வேண்டும். அழுக்கான அந்த முதல் நீரைக் குடுவைக்குள் அடித்துத் தள்ளாமல் வெளியே ஊற்றிவிடுங்கள். இரண்டாவது முறை விடும் நீரைத்தான் விசையை முழுதாகப் பின்னால் இழுத்துக் குடுவைக்குள் அடிக்க வேண்டும். வண்ணம் அடிக்கக் காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை வைத்திருந்தால், கழுவும்போது 25 வரை கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கிண்ணத்தில் மீண்டும் கால் பங்கு நீர் விட்டு, மடித்த துணியையோ டிஷ்யூவையோ முன்மூடியின் வாயில் வைத்து விரலால் அடைத்துக்கொண்டு, விசையை முதலில் கீழே அழுத்தி, பிறகு மிக மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். வெளியேற வழியில்லாத காற்று நாசில் வழியாகப் பின்னோக்கிப் போய்க் கிண்ணத்தில் குமிழிகளாகப் பொங்கும். அந்தக் குமிழிகளைக் கூர்ந்து பாருங்கள்: தெளிந்திருந்த நீரில் முதல் குமிழியோடு பழைய நிறம் ஒரு நூல் போல மேலே எழும், அடுத்தடுத்த குமிழிகளில் அது புகையாய்ப் பரவி நீர் முழுவதையும் கலங்கடிக்கும். முன்னோக்கி எவ்வளவு நேரம் அடித்தாலும் வராத வண்ணம் இப்படி இரண்டு நொடியில் வந்துவிடுவதற்குக் காரணம், நாசிலின் கூம்பில் ஒட்டியிருப்பதைக் காற்று எதிர்த்திசையிலிருந்து பெயர்த்துவிடுவதுதான். நீரை ஊற்றிவிட்டு, புது நீர் விட்டு மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். குமிழி வந்தும் நீர் கலங்காமல் நிற்கும்வரை செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முறை போதும்.

இதில் கவனக்குறைவுக்கு இடமில்லை. கிண்ணம் நிறைய நீர் இருந்தாலோ விசையைச் சட்டென்று இழுத்தாலோ நீர் முகத்தில் தெறிக்கும். முன்மூடி திறந்த வகையாக இருந்தால் ஊசியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெறும் விரலால் அடைத்தால் விரலும் குத்துப்படும், முனையும் வளையும். தின்னர் (வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) போன்றவற்றோடு இதைச் செய்யும்போது கிண்ணத்தை மூடிவைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டே செய்ய வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: முன்பக்கத்தை அடைக்காதபோதே கிண்ணத்தில் குமிழி வந்தால், நாசில் தளர்ந்திருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள், அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு கழுவினாலும் பூச்சு சீராக வராது.

எந்த வண்ணத்துக்கு எந்தத் திரவம் என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். நீர் சார்ந்த அக்ரிலிக் வண்ணங்களை முதலில் நீராலேயே கழுவ வேண்டும். அவற்றில் சில, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பட்ட உடனே திரண்டு பசை போலாகி நாசிலை அடைத்துவிடும். நீரால் பெரும்பகுதியை வெளியேற்றிய பிறகு அதற்கென்று விற்கப்படும் சுத்திகரிப்புத் திரவத்தைச் சில துளிகள் விட்டு அடித்து, மீண்டும் நீரால் முடிப்பதே பாதுகாப்பானது. எனாமல் வண்ணங்களுக்கு ஒயிட் ஸ்பிரிட்டும், லேக்கர் வண்ணங்களுக்கு லேக்கர் தின்னரும் தேவை. லேக்கர் தின்னர் சாதாரண ரப்பர் வளையங்களை உப்பச் செய்யும் என்பதால், உங்கள் கருவியில் உள்ள வளையங்கள் அதைத் தாங்குபவைதானா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் வேகமாக வேலை செய்வது உண்மைதான். ஆனால் பித்தளைப் பாகங்களும் அவற்றின் மேல்பூச்சும் அதில் நெடுநேரம் ஊறினால் கெட்டுவிடும். எண்ணெய் சார்ந்த வண்ணத்திலிருந்து நீர் சார்ந்த வண்ணத்துக்கு மாறும்போது தின்னரின் சுவடு சிறிதும் மிஞ்சக் கூடாது. தின்னரால் கழுவி, ஆல்கஹாலால் கழுவி, அதன் பிறகே நீர் என்ற வரிசையில் போக வேண்டும்.

மேற்சொன்ன கழுவல் போதாத சந்தர்ப்பங்கள் இரண்டு உண்டு: அடர் நிறத்துக்குப் பின் வெள்ளை அல்லது மஞ்சள் அடிப்பது, உலோக வண்ணத்துக்குப் பின் எதை அடித்தாலும். உலோகத் துகள்கள் தகடு போன்றவை; ஊசியின் தண்டோடு ஒட்டிக்கொண்டு, நான்கு முறை கழுவிய பிறகும் ஒன்றிரண்டு மினுக்கிக்கொண்டு வெளிவரும். அந்த நேரத்தில் ஊசியை மட்டும் எடுத்துத் துடைத்தால் போதும், நாசிலைத் தொட வேண்டாம். கிண்ணத்தைக் காலி செய்த பிறகே ஊசியை உருவ வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத் திரவம் விசை இருக்கும் பக்கம் ஒழுகிவிடும். பின்கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, விசையைத் தொடாமல், ஊசியை நேராகப் பின்னால் உருவுங்கள். ஈரமான டிஷ்யூவை அதன் மேல் மடித்துப் பிடித்து, பருத்த பகுதியிலிருந்து முனை நோக்கி, ஊசியைச் சுழற்றியபடி ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். முனையிலிருந்து பின்னோக்கித் துடைத்தால் துணியும் கிழியும், விரலும் குத்துப்படும், முனையும் கொக்கிபோல் மடங்கும். திரும்பச் செலுத்தும்போது தடை தட்டுப்பட்ட இடத்தோடு நிறுத்திவிட வேண்டும், 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் துளையுள்ள நாசில் மிக மெல்லிய உலோகத்தால் ஆனது, சிறிது அழுத்தினாலும் அதன் வாய் பிளந்துவிடும்.

நாசிலைச் சுத்தம் செய்யக் குண்டூசி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். முன்மூடியின் விளிம்பை நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரு சுற்று துடைத்தால் போதும். கீழே பாட்டில் மாட்டும் வகை ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள், நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, நிறப் பாட்டிலைக் கழற்றியதும் அதை மாட்டி அடித்தால், உறிஞ்சு குழாயும் சேர்ந்தே கழுவப்பட்டுவிடும்.

கழுவும்போதும் வண்ணத்துளிகளும் தின்னர் ஆவியும் காற்றில் பறக்கின்றன என்பதை மறந்து, முகமூடியை வேலை முடிந்ததாக எண்ணிக் கழற்றிவிடுபவர்கள் பலர். சுவாச முகமூடி, காற்றோட்டம் இரண்டும் இப்போதும் கட்டாயம் தேவை. தின்னர் அடிக்கும் இடத்தின் அருகில் தீயோ சூடான அடுப்போ இருக்கவே கூடாது.

கடைசியாக, கிண்ணத்தில் இருக்கும் நீரை வெள்ளைத் தாளின் மீது அடித்துப் பாருங்கள். ஈரம் மட்டும் விழுந்து நிறம் தெரியாவிட்டால், காற்றை மட்டும் சில நொடிகள் விட்டு உள்ளே தங்கியிருக்கும் நீரை வெளியேற்றிவிட்டு, அடுத்த நிறத்தை ஊற்றலாம். ஆனாலும் அந்தப் புது நிறத்தின் முதல் துளிகள் மிச்ச நீரில் கரைந்து வெளிறியே வரும். அதே தாளில், பூச்சின் அடர்த்தி மாறாமல் விழும்வரை சில கோடுகள் இழுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஏர்பிரஷை வேலைப் பொருளின் பக்கம் திருப்ப வேண்டும்.