இணைய ஏலத்தில் பழைய நாணயம் வாங்கப் போகிறீர்களா? போலியைக் கண்டுபிடிக்கும் வழி, படிப்படியாக

சிங்கப்பூரில் புதிதாக நாணயம் சேர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் முதலில் ஆசைப்படுகிறார்கள். பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா என்ற பெண் திரிசூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டிஷ் வணிக டாலர் ஒன்று. ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் குடியேற்றம்) டாலர் மற்றொன்று. கையில் வைத்தால் கனக்கும், பார்க்க அழகு, இந்த ஊர்க் கடைத்தெருவில் புழங்கிய காசு என்ற பெருமையும் உண்டு. போலி அடிக்கிறவர்களும் இவற்றைத்தான் விரும்பி அடிக்கிறார்கள். கரோசல், ஈபே, ஃபேஸ்புக் நேரலை ஏலம் என்று எங்கே தேடினாலும் அசலும் போலியும் கலந்தே கிடக்கும். ஏலம் கேட்பதற்கு முன்பே பிரித்தறிய முடியும். அதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

படி 1: ஒரு நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முழுசாகப் படியுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் கேட்காதீர்கள். ஒரே வகையைத் தேர்ந்தெடுத்து அதன் எடை, விட்டம், உலோகம், வெளிவந்த ஆண்டுகள் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நியூமிஸ்டா என்ற இணையப் பட்டியலில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன.

வணிக டாலரின் எடை 26.95 கிராம். விட்டம் 39 மில்லிமீட்டர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1895 முதல் 1935 வரை வந்தது, ஆனால் எல்லா ஆண்டும் வரவில்லை. உதாரணமாக, 1905, 1906 ஆண்டுகளிலும் 1914 முதல் 1920 வரையிலும் இல்லை. 1915 என்று போட்ட வணிக டாலரைப் பார்த்தால், மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் பக்கத்தை மூடிவிடலாம்.

ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில் ஆண்டும் எடையும் சேர்ந்தே பேசும். 1903, 1904 ஆண்டு நாணயங்கள் 26.95 கிராம். 1906இல் டாலரின் மதிப்பு பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைப்படுத்தப்பட்டது. வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்ததால், நாணயத்தை உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை வரக்கூடும் என்று அரசு அஞ்சியது. ஆகவே 1907 முதல் நாணயத்தைச் சிறிதாக்கி 20.21 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் வந்த 1919, 1920 டாலர்கள் 16.85 கிராம்தான், அவற்றில் வெள்ளியும் பாதிதான். போலி செய்கிறவர்கள் பல நேரம் ஒரே அச்சில் ஆண்டை மட்டும் மாற்றுகிறார்கள். 1908 என்று போட்டிருக்கும், உருவமோ 1903இன் பெரிய நாணயமாக இருக்கும். இந்த வரலாறு தெரிந்தவரை அப்படி ஏமாற்ற முடியாது.

படி 2: படங்களைக் கேட்டு வாங்குங்கள்

முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படம் போதாது. விற்பவரிடம் நான்கு கேளுங்கள்: விளிம்பின் படம், எடை காட்டும் தராசின் மேல் நாணயம் இருக்கும் படம், அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு ஒரு படம், நாணயத்தை வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துக் காட்டும் சின்ன வீடியோ. அசல் நாணயம் வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. சாக்குச் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

படத்தில் எதைப் பார்ப்பது? அசல் நாணயம் அச்சில் வைத்து அழுத்தி அடிக்கப்பட்டது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக நிற்கும். உலோகத்தை உருக்கி வார்த்து எடுத்த போலியில் எழுத்துகள் மழுங்கி, நாணயத்தின் வெற்றுப் பரப்பில் ஊசிமுனை அளவு குழிகள் தெரியும். விளிம்பின் நடுவே ஒட்டுப்போட்ட கோடு ஓடினால் அது வார்ப்புதான். விளிம்பின் வரிகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா என்றும் எண்ணாத குறையாகப் பாருங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அசல் நாணயத்தில் படிந்த கீறலும் சிராய்ப்பும் அந்த ஒன்றுக்கே உரியவை. ஆனால் அந்த அசலைப் படியெடுத்து அச்சு செய்தால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு போலியிலும் அதே கீறல் அதே இடத்தில் இருக்கும். விற்பவரின் பழைய விற்பனைகளையும், அதே நாணயத்தைப் பிறர் விற்ற படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டானியாவின் கேடயத்தில் ஒரே தழும்போடு இரண்டு நாணயம் அகப்பட்டால் இரண்டையும் நம்பாதீர்கள். படத்தையே கூகுள் தேடலில் போட்டுப் பார்ப்பதும் நல்லது, அடுத்தவர் படத்தைத் திருடிப் போடுகிறவர்கள் இதில் சிக்குவார்கள்.

படி 3: ஸ்லாப் இருந்தாலும் சரிபாருங்கள்

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும் நாணயத்தைச் சோதித்துத் தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் நிறுவனங்கள். அந்த உறையைத்தான் ஸ்லாப் என்கிறார்கள். உறையிலுள்ள எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டால் விவரம் வரும். ஆனால் உண்மையான எண்ணை நகலெடுத்துப் போலி உறை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. தளத்தில் படமும் இருந்தால், கீறல், கறை எல்லாம் உங்கள் நாணயத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

இந்தியாவின் நம் ஊர்க் காசுகள் பற்றி

அனுமன் அல்லது ராமர் பட்டாபிஷேகத்தோடு, "ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818" என்று பொறித்த அணாக்கள் நிறைய விற்கின்றன. அவை கம்பெனி வெளியிட்ட நாணயங்களே அல்ல. அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லி, ரைஸ் புல்லிங் கும்பல்கள் பல குடும்பங்களின் சேமிப்பைச் சுரண்டியதும் இப்படிப்பட்ட காசுகளைக் காட்டித்தான். வீட்டுப் பெரியவர் யாராவது ஒன்றை வாங்கத் துடித்தால், கோபப்படாமல் உட்கார வைத்து விளக்குங்கள்.

ராஜராஜ சோழன் செப்புக் காசும் நம்மை இழுக்கும். நிற்கும் உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும் மறுபக்கம். ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயங்களைத் தனியார் அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்தியாவிலிருந்து தபாலில் அனுப்புகிறேன் என்று ஒருவர் சோழர் காசு விற்றால், அது போலியாக இருக்கும் அல்லது சட்டத்தை மீறியதாக இருக்கும்.

படி 4: விற்பவரும் பணமும்

பாராட்டுகளின் எண்ணிக்கையை விட அவை எதற்காக வந்தன என்று பாருங்கள். கைப்பேசி உறை விற்று வாங்கிய பாராட்டு நாணயத்துக்குச் சாட்சி ஆகாது. "எனக்கு நாணயம் பற்றித் தெரியாது, திருப்பி வாங்க மாட்டேன்" என்ற வரி இருந்தால் விலகிவிடுங்கள். பேநவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்று வழியாக முன்பணம் அனுப்பினால் திரும்பப் பெறுவது மிகக் கடினம், ஆகவே தளத்தின் பாதுகாப்புக்குள்ளேயே பணம் கட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது 9 விழுக்காடு ஜி.எஸ்.டி.யையும் கணக்கில் சேர்த்து உங்கள் உச்ச விலையை முன்பே எழுதி வையுங்கள். ஏலச் சூட்டில் அதைத் தாண்டாதீர்கள்.

படி 5: பொட்டலம் வந்ததும்

பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். தேய்ந்த அசல் நாணயம் எடையில் சற்றுக் குறையலாம், கூடுவது சந்தேகத்துக்குரியது. காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டாலும் பித்தளையாக இருக்கலாம் என்பதால் அதோடு நிறுத்தக் கூடாது. (2013இல் வந்த சிங்கப்பூரின் மூன்றாம் வரிசைச் சில்லறை, முலாம் பூசிய எஃகு. அது அசலாக இருந்தும் ஒட்டும்.)

அடுத்தது தண்ணீர்ச் சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. சின்ன பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுங்கள். வணிக டாலர் என்றால் தராசு ஏறக்குறைய 2.6 காட்டும், விடை (அதாவது அடர்த்தி) 10.3 அளவில் வரும். 8.5, 8.9 என்று வந்தால் உள்ளே பித்தளையோ செப்பும் நிக்கலும் கலந்த உலோகமோதான்.

புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீர்கள். அசலாக இருந்தால் மதிப்பு போய்விடும், போலியாக இருந்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று விற்பவர் சொல்ல இடம் கிடைக்கும்.

படி 6: போலி என்று தெரிந்தால்

அன்றே தளத்தில் புகார் பதியுங்கள். ஈபேயில் பொதுவாக 30 நாளுக்குள் சொல்ல வேண்டும், அசலைப் போலச் செய்த மாதிரி நாணயங்களை விற்கவே அங்கே அனுமதி இல்லை. விற்பவர் சிங்கப்பூரில் இருந்தால், 20,000 சிங்கப்பூர் டாலர் வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு உதவி) எண்ணை அழைத்து ஆலோசனை கேளுங்கள், போலீஸிலும் புகார் கொடுங்கள். உரையாடல், படங்கள், தபால் உறை எதையும் முடியும் வரை அழிக்காதீர்கள்.