எலும்பைக் கழுவாதீர்கள்: மலையில் தொல்மரபணு தேடுவோர் செய்யும் தவறுகள்

மழை ஓய்ந்து தை பிறந்தால் போதும், கோத்தகிரிப் பக்கமோ தாண்டிக்குடிப் பக்கமோ ஏதாவது ஒரு தோட்டத்தில் காபிக் கன்றுக்குக் குழி வெட்டும்போது பானை ஓடு தட்டுப்படும். மறுநாள் வாட்ஸ்அப்பில் படம் வரும். உள்ளங்கையில் ஓர் எலும்புத் துண்டு, பளிச்சென்று கழுவித் துடைத்தது, அளவு காட்டப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். கீழே கேள்வி: "சார், இதுல டி.என்.ஏ. எடுக்க முடியுமா?"

படத்தைப் பார்த்ததுமே பாதிப் பதில் தெரிந்துவிடுகிறது. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்களும் இல்லை. தொல்லியல் படித்தவர்கள், கல்திட்டை, கற்பதுக்கை என்ற பழைய கல்லறை வகைகளுக்குள் வித்தியாசம் தெரிந்தவர்கள். இருபது வருடங்களுக்கு முன் மற்றவர்கள் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். குறிப்பேட்டில் தேதி எழுது, ஆழத்தை அள என்ற பாலபாடத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

அனுமதி இல்லாமல் தோண்டுவது

குற்றம். அடுத்தது.

எலும்பைக் கழுவுவது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. மண் ஒட்டிய எலும்பைக் கண்டால் குழாயடிக்குக் கொண்டு போகாமல் நம் ஆட்களுக்குக் கை நிற்காது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, நெயில் பாலிஷ் தடவி அதன் மேல் எண் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. இதில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கெடுதல் செய்கிறது.

எலும்பில் மரபணு (டி.என்.ஏ.) இழைகள் கால்சியம் பாஸ்பேட் படிகங்களைப் பற்றிக்கொண்டுதான் நூற்றாண்டுகளைத் தாண்டுகின்றன. அப்போதும் முழு நீளத்தில் கிடைப்பதில்லை. ஐம்பது, அறுபது எழுத்து நீளத்துக்குத் (இழையின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் எழுத்தால் குறிப்பார்கள்) துண்டு துண்டாக நொறுங்கித்தான் இருக்கும். பழைய எலும்பு ஸ்பஞ்சு மாதிரி. தண்ணீர் உள்ளே போகும்போது மிஞ்சியதைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். போகிற போக்கில் கழுவுபவரின் வியர்வையையும் தோல் செதிலையும் ஆழத்துக்கு இழுத்து விட்டுவிட்டுப் போகும். மேற்பரப்பில் இருந்தால் ஆய்வகத்தில் சுரண்டி எறிந்துவிடலாம். உள்ளே இறங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

2007இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. சுமார் 3,200 ஆண்டுப் பழைய ஒரே காட்டு மாட்டின் எலும்புகள். ஒரு பகுதியை 1947இல் எடுத்து வழக்கப்படி சுத்தம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். மறுபகுதி 2004 வரை மண்ணுக்குள்ளேயே கிடந்தது. 2004இல் எடுத்ததில் மரபணு கிடைத்தது, 1947இல் எடுத்ததில் ஒன்றுமே கிடைக்கவில்லை. மண்ணுக்குள் மூவாயிரம் ஆண்டு தாங்கியது, மனிதர் கையில் 57 ஆண்டு தாங்கவில்லை. அதே ஆய்வில், கழுவாமல் புதிதாக எடுத்த எலும்புகளில், வழக்கமான முறையில் கழுவிச் சேமித்தவற்றைவிட ஆறு மடங்கு அதிக மரபணு இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.

இழப்போடு நின்றால்கூடப் பரவாயில்லை. நம் ஊரில் இதைவிட மோசமான ஒன்று நடக்கலாம். ஐரோப்பாவில் புதைந்த எலும்பை ஒரு தமிழர் தொட்டுக் கெடுத்தால் முடிவில் அந்நியச் சாயல் தெரிந்துவிடும். பழனி மலையடிவாரத்து முதுமக்கள் தாழி எலும்பை அதே வட்டாரத்துக்காரர் வெறுங்கையால் எடுத்தால்? புதைந்தவரும் தொட்டவரும் தூரத்து உறவாகவே இருக்கலாம். கலப்படம் கண்ணில் படாது. "இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இம்மக்கள் மாறவே இல்லை" என்று ஓர் அருமையான முடிவு வரும். எல்லாரும் மகிழ்ச்சியாகப் பகிர்வார்கள். அது ஆய்வு மாணவரின் வியர்வையாக இருக்கும்.

இதைப் பிடிக்க ஆய்வகத்தில் வழி உண்டு. பழைய இழைகளின் நுனியில் சி என்ற எழுத்து சிதைந்து, வாசிக்கும்போது டி ஆகத் தெரியும். புதிய மரபணுவில் இந்தச் சிதைவு இராது. ஒரே எலும்பில் இரண்டு வகைத் தாய்வழி மரபணு தெரிந்தால் இரண்டு ஆட்கள் கலந்திருக்கிறார்கள். ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான் என்பதால், ஆண் எலும்பில் எக்ஸ் இரண்டு விதமாக வாசித்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இந்தச் சோதனைகள் கெட்டதைக் கெட்டது என்று சொல்லும், அவ்வளவுதான். போனதைத் திருப்பித் தராது.

ஆகவே பானை தட்டுப்பட்டு, முறைப்படி அகழ்பவர்கள் வந்த பிறகு செய்ய வேண்டியது இது. எலும்புக்கு அருகில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு. ஒவ்வோர் எலும்புக்கும் மேலுறையை மாற்ற வேண்டும். முகக்கவசம், தலைக்குத் தொப்பி. வெற்றிலை போட்டுக்கொண்டு குனிகிற ஆளை அன்போடு தேநீர்க் கடைக்கு அனுப்பிவிடுங்கள். கரண்டியை பிளீச் கரைசலால் துடைத்து, சுத்தமான நீரில் துடைத்து, உலரவைத்துப் பயன்படுத்தலாம். பிளீச் எலும்பில் பட்டுவிடக் கூடாது. எலும்பை ஒட்டிய மண்ணோடு எடுத்துப் புதிய அலுமினியத் தாளில் சுற்றி, காகித உறையில் போட்டு, எண்ணை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை. வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்திக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிக்கால் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம். அதே பானையிலிருந்து நூறு கிராம் மண் தனியாக. கடைசியாக, எலும்பைத் தொட்ட, அருகில் குனிந்த எல்லார் பெயரும் ஒரு பட்டியலில். பிறகு கலப்படச் சந்தேகம் வந்தால் அவர்களுடைய எச்சில் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நல்ல துண்டைத் தூக்கி எறிவது

படம் எடுக்க அழகாக இருப்பது தொடையெலும்பு. ஆய்வகத்துக்கு வேண்டியது காதுக்குள் இருக்கும் பெட்ரஸ் எலும்பு. மண்டையின் அடியில், பொட்டெலும்பின் உள்பக்கம், உள்காதைச் சுற்றி இருக்கும் மிக அடர்த்தியான பகுதி அது. மற்ற எலும்புகளைவிட 183 மடங்கு வரை கூடுதலாக மரபணு தந்த நிகழ்வு 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் பதிவாகியிருக்கிறது. மண்டை நொறுங்கிப்போன தாழியிலும் இது மட்டும் கட்டைவிரல் அளவில், மூன்று பட்டையாக, கூழாங்கல் போலத் தங்கியிருக்கும். சலிக்கும்போது கல் என்று நினைத்து வீசிவிடுகிறார்கள். சல்லடையில் மிஞ்சுகிற "கல்"லை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சின்னத் துளை (காது நரம்பு போகும் வழி) இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அது இல்லையென்றால் கடைவாய்ப் பல். பற்களைத் தாடையிலிருந்து பிடுங்க வேண்டாம், தாடையோடு கொடுங்கள். ஆய்வகத்துக்கு ஐம்பது மில்லிகிராம் தூள் கிடைத்தாலே வேலை நடக்கும். ஒரு கூடை எலும்பு தேவையில்லை.

சாம்பலில் தேடுவது

நீலகிரியின் பழைய ஈமச் சின்னங்களான கல்வட்டங்களையும் கற்குவைகளையும் மாவட்டத்தின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் தோண்டினார். பானைகளும் வெண்கலக் கிண்ணங்களும் கிடைத்தன. எலும்பு பெரும்பாலும் எரிந்தது. தகனத்தில் நன்றாக வெந்த எலும்பில் மரபணு மிஞ்சுவதில்லை.

நிறத்தை வைத்தே பிரிக்கலாம். பழுப்பாக இருந்தால் முயலலாம். கறுப்பு என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. சாம்பல் வெள்ளையாகி, நீலம் ஓடி, குறுக்கே வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் எறியக் கூடாது. நன்றாக வெந்து வெளுத்த எலும்பில் உள்ள கார்பனேட்டை வைத்து ரேடியோ கார்பன் காலம் கணிக்க முடியும்.

குளிர்ந்த மலை காப்பாற்றும் என்ற நம்பிக்கை

நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவை எலும்புகளை வைத்துக் கணக்கிட்டவர்கள், சராசரி 13.1 டிகிரி வெப்பத்தில் 242 எழுத்து நீளத் துண்டுகளில் பாதி 521 ஆண்டுகளில் அழியும் என்றார்கள். ஊட்டியின் சராசரியும் அதற்கு வெகுதூரமில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறார்கள். மழையையும் மண்ணையும் மறந்துவிடுகிறார்கள். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் எலும்புக்கு எமன். படிகம் கரைந்தால் அதைப் பிடித்திருந்த மரபணுவும் போயிற்று. கல்திட்டைக்குள் எலும்பே இல்லாமல் பானை மட்டும் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமவெளி மட்டும் வாழ்கிறதா என்றால் அதுவும் இல்லை. அரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராகிகடியில் 61 மாதிரிகளை முயன்று ஒரே ஒரு பெண்ணின் எலும்பில்தான் பயன்படும் அளவு மரபணு கிடைத்தது. 2019இல் வெளியான அந்த முடிவில் ஸ்டெப்பி (வடக்கத்திய புல்வெளி) மேய்ச்சல்காரர்களின் சாயல் இல்லை. அந்த ஒருவரை வைத்து ஒரு நாகரிகத்துக்கே தீர்ப்பு எழுதுவது இன்னொரு தவறு. இணையத்தில் அது தினமும் நடக்கிறது.

ஒரு கொடியை மரம் என்று எண்ணுவது

எம்130 என்ற ஆண்வழி மரபணுக் குறி ஒருவருக்கு இருந்தால் "முதல் இந்தியர்" என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். ஆண்வழிக் குறி என்பது அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஒரே நூலாகப் போவது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும்தான் அது சொல்கிறது. மற்ற 1,023 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. குறி பழையது என்பதால் அதைச் சுமப்பவர் மற்றவரைவிடப் பழையவர் ஆகிவிட மாட்டார்.

பளியரைக் கற்காலம் என்று வாசிப்பது

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொல்மனிதர்களின் மரபணுவை வைத்து 2019இல் வந்த பெரிய ஆய்வில், பழனி மலைப் பழங்குடிகளான பளியரின் மாதிரிகளுக்கு முக்கிய இடம் உண்டு. தென்னிந்தியாவின் பழைய வேட்டைச் சமூகத்து வேரும், ஈரானியப் பக்க வேரும் அவர்களிடம் கலந்த காலம் சுமார் கி.மு. 1700க்கும் 400க்கும் இடையே என்று கணக்கு வந்தது. இதைப் படித்துவிட்டு இரண்டு எதிரெதிர்த் தவறுகள் செய்கிறார்கள். ஒரு சாரார் "பளியர் கலப்பில்லாத ஆதிகுடி" என்கிறார்கள். ஆய்வு சொல்வதே கலப்பைப் பற்றி. கலப்பில்லாத அந்தப் பழைய வேரின் எலும்பு ஒன்றுகூட இதுவரை வாசிக்கப்படவில்லை. இன்றைய மக்களிடமிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஊகித்ததுதான் அது. அந்தமான் பழங்குடிகளான ஓங்கேக்களும் அதன் தூரத்துப் பங்காளிகள், முன்னோர் ஆக மாட்டார்கள்.

மறு சாரார் "அப்படியானால் கி.மு. 1700இல் யாரோ மலையேறி வந்தார்கள்" என்கிறார்கள். கலப்புக் காலம் எப்படிக் கணிக்கப்படுகிறது என்று பார்த்தால் இது எழாது. இரண்டு வேர்களின் குரோமோசோம் பட்டைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டுண்டு குட்டையாகின்றன. பட்டை எவ்வளவு குட்டையோ அவ்வளவு தலைமுறை கடந்திருக்கிறது. இது பெண் கொடுத்து எடுத்த காலம். பக்கத்துப் பக்கத்தில் ஐந்நூறு ஆண்டு வாழ்ந்தும் சம்பந்தம் வைக்காதவர்கள் உண்டு என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வந்த காலத்தை இந்த எண் காட்டாது.

எலும்பில் மொழி தேடுவது

பானையில் எழுத்து இருந்தால் படிக்கலாம்.

நோய் மரபணுவை இன அடையாளமாக்குவது

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல வளைப்பது) முதலில் பதிவானது நீலகிரியில், 1952இல், லேமன், கட்புஷ் இருவரால். அன்றைய வழக்கப்படி அதை ஒரு "இனத்தின்" தடயமாகவே பார்த்தார்கள். இன்றும் மாணவர்கள் எந்தச் சமூகத்தில் இது எவ்வளவு என்ற பட்டியலை எடுத்து வைத்து, யாருக்கு இது இருக்கிறதோ அவர்கள் ஒரே வேர் என்கிறார்கள்.

பட்டியலை உயரத்தோடு சேர்த்துப் பாருங்கள். இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் இது அதிகம். அவர்கள் வாழ்ந்தது தாழ்ந்த சரிவுகளிலும் கூடலூர், வயநாட்டுக் காடுகளிலும். மலைக்காய்ச்சல் ஆளை அடித்த இடங்கள் அவை. ஊட்டிப் பீடபூமியின் குளிரில் மலேரியாக் கொசுவுக்கு வேலை குறைவு. இந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இரண்டும் சேர்ந்தால் நோய். காய்ச்சல் இருந்த இடத்தில் அது பெருகும், யார் வேராக இருந்தாலும். வேரைத் தேடுபவர் இயற்கைத் தேர்வுக்கு ஆட்படாத ஆயிரக்கணக்கான மரபணு இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றை முதலில் ஒதுக்க வேண்டும்.

வேரைத் தேடி ஒரு ஊரில் எச்சில் மாதிரி எடுக்கிறீர்கள், முடிவில் ஒருவருக்கு அரிவாள் செல் பிரதி இருப்பது தெரிகிறது. அவரிடம் சொல்வீர்களா, யார் சொல்வது, எந்த மொழியில்? கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடாகவும் இருக்கலாம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி நெறிமுறைக் குழு அனுமதியும், ஒவ்வொருவரின் தனிச் சம்மதமும் தேவை. ஊர்த் தலைவரான மூப்பன் தலையசைத்தது சம்மதப் படிவம் ஆகாது. இந்தக் கேள்விக்கான பதிலைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, பிறகு பஞ்சுக் குச்சியை எடுங்கள்.