கடல் உள்ளே இழுத்தால் கரைக்கு நேராக நீந்தாதீர்கள்

ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து பிள்ளைகளோடு கல்கிசைக் கடலுக்குப் போகிறவர்கள், தண்ணீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் மணலில் நின்று அலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரிகிறதா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. அங்கே இறங்கவே வேண்டாம்.

சரி, மாட்டிக்கொண்டால்? அந்த நீரோட்டம் ஆளைக் கீழே அமிழ்த்தாது, வெளியேதான் கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரைக்கு நேராக நீந்திக் களைத்துப்போவதில்தான் உயிர் போகிறது. முதலில் மல்லாந்து மிதந்து, நிதானமாக மூச்சு விடுங்கள். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுவை விட்டதும், அலை உடையும் பக்கமாகச் சாய்வாகக் கரைக்கு வரலாம். முடியாவிட்டால் மிதந்தபடியே கையை உயர்த்திக் கூப்பிடுங்கள்.

கரையில் நிற்பவர் பதறிக் குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. மிதக்கக்கூடிய எதையாவது, மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கான் என்றாலும், எறியுங்கள். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் இந்தக் கரை மிகவும் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.