வளைகாப்புப் பத்திரிகை நம் கையாலேயே

இருபது முப்பது பேரைத்தான் அழைக்கப் போகிறீர்கள் என்றால் அச்சகத்துக்குப் போக வேண்டாம். கெட்டியான ஏ4 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் கைக்கு அடக்கமான அட்டை தயார். முகப்பில் நிஜக் கண்ணாடி வளையலை ஒட்டாதீர்கள். தபாலில் போனால் தூள்தான் போய்ச் சேரும். வளையலை வைத்துப் பென்சிலால் வட்டம் வரைந்து, ஃபெவிகால் தடவி, அதன்மேல் பச்சை, சிவப்புப் பட்டு நூலைச் சுற்றி ஒட்டுங்கள். பசை மெல்லிசாக இருக்கட்டும், அதிகமானால் தாள் சுருண்டுவிடும். கறுப்பு நூல் வேண்டாம், சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். உள்ளே எழுத பால்பாயிண்ட் பேனாதான் சரி. ஜெல் மை ஈரம் பட்டால் இழுகும். அப்புறம், மூலைகளுக்கு மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துக் கடைசியில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே உறையில் போட வேண்டும்.