போர்க்கால மாணவர்களின் ஆசைகளைப் பதிவு செய்ய

1939–45 போரின்போது நாகர்கோவில், தக்கலைப் பக்கம் ஆறாம் பாரம் (பள்ளி இறுதி வகுப்பு) படித்தவர்களைப் பற்றித் திரட்டப்போகிறீர்களா? முதலில் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். சான்றிதழில் 1119 என்றிருந்தால் பதற வேண்டாம். அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம்; 1119 என்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணி முதல் டிசம்பர்வரை 824, அதன்பின் 825 கூட்டுங்கள். இங்கேதான் ஒரு வருடம் பிசகும்.

பெரியவருக்கு இப்போது 95 தாண்டியிருக்கும். “என்ன ஆக நினைத்தீர்கள்?” என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த பதில்தான் வரும். 1942-இல் பர்மா அரிசி நின்றதே, அவித்த மரச்சீனிக்குத் (மரவள்ளிக்கிழங்கு) தொட்டுக்கொள்ள என்ன இருந்தது என்று கேளுங்கள். பிறகு, பெஞ்சில் பக்கத்திலிருந்தவர் பட்டாளத்துக்குப் போனாரா என்று. கூட்டாளியைப் பற்றிச் சொல்லும்போதுதான் தன் ஆசையும் வெளியே வரும். 40 நிமிடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் போங்கள். ராத்திரி நினைவுக்கு வந்த பெயர்களை அவரே சொல்வார்.