கையில் இல்லாத பங்கை விற்பது எப்படி: ஷார்ட் செல்லிங்கின் மூன்று தவணைகள்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பங்கு வாங்கி வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு. ஆனால் "ஷார்ட் போவது" என்றால் என்ன என்று கேட்டால், விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுவது என்றே பெரும்பாலும் விடை வருகிறது. பந்தயத்தில் தோற்றால் கட்டிய பணம் மட்டுமே போகும் என்ற எண்ணம் அந்த விடைக்குள் ஒளிந்திருப்பதால் அது ஆபத்தான விடை. ஷார்ட் செல்லிங் ஒரு கடன். ரூபாயாக வாங்காமல் பொருளாக வாங்கும் கடன். வட்டிக்கடையும் கிட்டங்கியும் நடத்திய ஊர்களில் இதைக் கடனாகவே விளக்குவதுதான் எளிது.

பக்கத்து வீட்டில் 10 மூட்டை நெல்லைக் கைமாற்றாக வாங்கி, மூட்டை 1,500 ரூபாய் என்று அன்றே 15,000 ரூபாய்க்கு விற்றுவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுவடைக்குப் பின் விலை 1,300 ரூபாயாக இறங்கினால், 13,000 ரூபாய்க்கு 10 மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு 2,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம். மழை பொய்த்து விலை 2,200 ரூபாயாக ஏறினால் அதே 10 மூட்டைக்கு 22,000 ரூபாய் வேண்டும்; 7,000 ரூபாய் கைநட்டம். நெல் கொடுத்தவருக்கு இந்த ரூபாய்க் கணக்கு எதுவும் தேவையில்லை, அவர் கேட்பது 10 மூட்டை. விலை எவ்வளவுதான் இறங்கினாலும் உங்கள் ஆதாயம் 15,000 ரூபாயைத் தாண்டாது. ஏற்றத்துக்கோ உச்சி என்று ஒன்றும் கிடையாது. பங்கை வாங்கியவர் போட்ட பணத்தை மட்டுமே இழப்பார். விற்றுக் கடன்பட்டவர் அதற்கு மேலும் இழக்கக்கூடும்.

என் அப்பச்சி யாருக்குக் கடன் கொடுத்தாலும் தொகையைப் பேசுவதற்கு முன் தவணையைப் பேசுவார். ஷார்ட் செல்லிங்கைக் கற்றுக்கொள்வதற்கும் அதுவே சரியான வரிசை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவில் இதற்கு உள்ள மூன்று வழிகளும் தவணையால்தான் வேறுபடுகின்றன: அன்று மாலைக்குள் திருப்புவது, மாத முடிவுக்குள் திருப்புவது, பங்கை முறையாகக் கடன் வாங்கிப் பேசிய நாளில் திருப்புவது.

அன்றைக்கே திருப்பும் வழி

பங்குகளை நேரடியாக வாங்கி விற்கும் ரொக்கச் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. உங்கள் புரோக்கரின் செயலியில் "டெலிவரி" (பங்கு உண்மையிலேயே கணக்கு மாறும் வகை) என்பதைத் தேர்ந்தெடுக்காமல் "இன்ட்ராடே" (அன்றைக்கே முடிக்கும் வகை) என்பதைத் தேர்ந்தெடுத்து (சில செயலிகளில் இது எம்.ஐ.எஸ். என்று இருக்கும்), வாங்காத பங்குக்கு முதலில் விற்பனை ஆர்டர் போட வேண்டும். பிறகு அதே நாளில் அதே எண்ணிக்கையை வாங்கிக் கணக்கை நேர் செய்ய வேண்டும். இதைத்தான் "கவர் செய்வது", "ஸ்கொயர் ஆஃப்" என்கிறார்கள். இங்கே உங்களுக்குப் பங்கைக் கடன் கொடுப்பவர் எவரும் இல்லை. ஒரு நாளின் வாங்கலும் விற்பனையும் ஒன்றுக்கொன்று கழிந்து மிச்சம் மட்டுமே மறுநாள் பட்டுவாடாவுக்குப் போவதால், மாலைக்குள் வாங்கிவிட்டவர் பங்கை ஒப்படைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. வாங்கத் தவறினால் புரோக்கர் தாமே சந்தை முடிவதற்குச் சற்று முன் வாங்கி முடித்துவிட்டு, அதற்குக் கட்டணமும் வசூலிப்பார்.

மார்ஜின், அதாவது புரோக்கரிடம் முன்கூட்டியே வைக்கும் ஈட்டுப் பணம், இல்லாமல் இந்த ஆர்டர் ஏறாது. 2021 செப்டம்பர் முதல் நாளின் எந்த நேரத்திலும் போதிய மார்ஜின் இருக்க வேண்டும் என்னும் உச்ச மார்ஜின் விதி முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டதால், வியாபாரத் தொகையில் குறைந்தது 20 சதவீதமாவது கணக்கில் இருக்க வேண்டும். பத்து மடங்கு, இருபது மடங்கு என்று புரோக்கர்கள் கடன் கொடுத்த காலம் முடிந்தது.

ஆர்டர் போடுவதற்கு முன் பங்கின் பிரிவைப் பாருங்கள். தேசியப் பங்குச் சந்தையில் பி.இ. வரிசையிலும் மும்பைச் சந்தையில் 'டி' பிரிவிலும் உள்ள பங்குகளில் ஒவ்வொரு வியாபாரமும் டெலிவரியாகவே முடிய வேண்டும். அவற்றில் இன்ட்ராடே கிடையாது. அடுத்துப் பார்க்க வேண்டியது விலை வரம்பு. 2, 5, 10, 20 சதவீதம் என்று பங்குக்கு ஏற்ப ஒரு நாளைய ஏற்ற இறக்கத்துக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். ஃபியூச்சர்ஸ் (பின்னொரு நாளில் பேசிய விலைக்கு வாங்கவோ விற்கவோ செய்யும் ஒப்பந்தம்) வர்த்தகம் உள்ள பங்குகளுக்கு இப்படி அசையாத வரம்பு இல்லை. அவற்றின் வரம்பை விலை நெருங்கும்போது சந்தை அதைத் தளர்த்திக்கொடுக்கும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன்.

முந்தைய நாள் 500 ரூபாயில் முடிந்த, 20 சதவீத வரம்புள்ள ஒரு பங்கில் 100 பங்குகளை 500 ரூபாய்க்கு விற்கிறீர்கள். வியாபாரத் தொகை 50,000 ரூபாய்; நீங்கள் வைத்த மார்ஜின் 10,000 ரூபாய். மதியம் ஏதோ நல்ல செய்தி வந்து பங்கு 600 ரூபாயில் அப்பர் சர்க்யூட்டில், அதாவது அன்றைய மேல் வரம்பில், நின்றுவிடுகிறது. அந்த விலையில் வாங்க வரிசை நிற்கிறது, விற்பவர் ஒருவரும் இல்லை. குறித்த விலை வந்ததும் தானே வாங்கி நட்டத்தைக் கட்டுப்படுத்தும்படி நீங்கள் முன்பே போட்டு வைத்த ஸ்டாப் லாஸ் ஆர்டர் தூண்டப்பட்டாலும், விற்பவர் இல்லாததால் அதுவும் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். விலை வேகமாகப் பாய்ந்தால் ஸ்டாப் லாஸ் காப்பாற்றாமல் போகலாம் என்பதை இந்த வழியில் இறங்குகிறவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

மணி 3.30 ஆகிவிடுகிறது. இப்போது 100 பங்குகளை ஒப்படைக்கும் கடமை உங்கள் தலையில் நிற்கிறது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் பட்டுவாடா மறுநாளே நடப்பதால் அவகாசமும் இல்லை. ஒப்படைக்காத பங்குகளைச் சந்தை ஏலத்தில் எடுத்து வாங்கியவருக்குக் கொடுக்க முயலும். ஏலத்திலும் விற்பவர் வராவிட்டால் ரொக்கமாகத் தீர்ப்பார்கள்: நீங்கள் விற்ற நாள் முதல் ஏல நாள் வரை பதிவான உச்ச விலை, அல்லது ஏல நாளின் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அதுவே உங்கள் மீது விழும். ஏல நாளிலும் பங்கு 600 ரூபாயிலேயே முடிந்தது என்று கொண்டால்கூட விலை 720 ரூபாய். 50,000 ரூபாய்க்கு விற்றதற்கு 72,000 ரூபாய் கொடுக்க வேண்டும். 10,000 ரூபாய் மார்ஜின் போக, மேற்கொண்டு 12,000 ரூபாய் கடன். ஆகவே வியாபாரம் குறைந்த, குறுகிய வரம்புள்ள சிறு நிறுவனப் பங்குகளில் ஷார்ட் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏறிப்போகாத நாட்களிலும் இது எளிதான பிழைப்பு அன்று. 2022-23 நிதியாண்டில் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் ஆய்வு கூறுகிறது.

மாத முடிவு வரை நீளும் வழி

ஒரு நாளைத் தாண்டிப் பொறுத்திருக்க விரும்புகிறவர்களுக்குப் பரவலாகப் பயன்படுவது ஃபியூச்சர்ஸ். பங்குகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கை கொண்ட 'லாட்' ஆகவே விற்க முடியும். ஒரு லாட்டின் மதிப்பு பல லட்சம் ரூபாய் வரும் என்பதால் சிறு கைகளுக்கு இது ஏற்றதன்று. நட்டமும் ஆதாயமும் தினமும் மாலையில் கணக்கிடப்பட்டு உங்கள் கணக்கில் கழிக்கவோ சேர்க்கவோ படும். பணம் குறைந்தால் மறுநாளே நிரப்ப வேண்டும். 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஃபியூச்சர்ஸுக்கும் முடிவு நாளில் பங்காகவே பட்டுவாடா நடக்கிறது. எனவே கையில் பங்கு இல்லாமல் அந்த முடிவு நாளைக் (எக்ஸ்பைரி) கடக்க விட்டால், மேலே சொன்ன ஏலத்தின் வாசலுக்கே மறுபடி வந்து நிற்பீர்கள். ஒரு பங்கில் நிலுவையில் உள்ள ஒப்பந்தங்கள் சந்தை முழுமைக்குமான வரம்பில் 95 சதவீதத்தைத் தாண்டினால் அது 'பேன்' பட்டியலுக்குப் போகும். அந்த நாட்களில் இருக்கும் நிலையைக் குறைக்கலாமே தவிர, புதிதாக ஷார்ட் போக முடியாது.

புட் ஆப்ஷன் வாங்குவது, அதாவது குறித்த விலைக்கு விற்கும் உரிமையைப் பிரீமியம் என்னும் கட்டணம் கொடுத்து வாங்குவது, இதற்குப் பக்கத்து வழி. முடிவு நாளுக்கு முன் விற்று வெளியேறிவிட்டால், அதில் கொடுத்த பிரீமியத்துக்கு மேல் இழப்பு கிடையாது என்பதால் கடனுக்குரிய அச்சம் இல்லை. ஆனால் குறித்த நாளுக்குள் விலை இறங்காவிட்டால் பிரீமியம் முழுவதும் கரைந்துவிடும்.

பங்கையே கடன் வாங்கும் வழி

நெல் கதைக்கு மிக நெருங்கியது இதுதான். 2008 ஏப்ரலில் தொடங்கிய எஸ்.எல்.பி. என்னும் பங்குக் கடன் சந்தையில், ஒருவர் தம் பங்கைக் கட்டணத்துக்குக் கொடுக்கிறார். மற்றவர் மார்ஜின் கட்டி அதை வாங்கி, ரொக்கச் சந்தையில் விற்று, தவணை முடிவதற்குள் திரும்ப வாங்கி ஒப்படைக்கிறார். தவணை 12 மாதம் வரை போகலாம். இடையில் நிறுவனம் டிவிடெண்ட் அறிவித்தால் அந்தத் தொகையைக் கடன் வாங்கியவர் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அன்று ரங்கூனின் மொகல் தெருவில் நகரத்தார் கூடிப் பேசி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். இங்கே பங்குக்குப் பங்கு, தேவையைப் பொறுத்து, கட்டணம் சந்தையிலேயே அமைகிறது. எல்லாப் புரோக்கர்களும் இந்த வசதியைத் தருவதில்லை. பல பங்குகளில் கொடுப்பவரே கிடைப்பதில்லை.

நம் பக்கத்து வீடுகளுக்கு இதில் கொடுப்பவர் பக்கம்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். தலைமுறையாக விற்காமல் வைத்திருக்கும் பங்கைக் கடன் கொடுத்துக் கட்டணம் பெறலாம். திருப்பித் தருவதற்குச் சந்தையின் பட்டுவாடாவை நடத்தும் தீர்வகம் பொறுப்பேற்கிறது. இரும்புப் பெட்டியில் காகிதமாக இருப்பதை முதலில் டீமேட்டாக (மின்னணுக் கணக்கில் இருக்கும் பங்காக) மாற்றிக்கொள்ள வேண்டும்.

பொருளாகக் கடன்பட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் திருப்ப முயன்றால் என்ன ஆகும் என்பதை 2008 அக்டோபரில் ஜெர்மனி கண்டது. ஃபோக்ஸ்வாகன் பங்குகளில் 74 சதவீதம் வரை தன் பிடியில் இருப்பதாக போர்ஷே நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 20 சதவீதம் லோயர் சாக்சனி மாநில அரசிடம் இருந்தது. மிஞ்சிய சிறு பங்கைவிட ஷார்ட் போனவர்களின் கடன் பெரிதாக இருந்ததால், அக்டோபர் 28 அன்று விலை 1,000 யூரோவைத் தாண்டியது. ஊரில் நெல்லே இல்லாதபோது மூட்டைக்கு என்ன விலை சொன்னாலும் கொடுத்தாக வேண்டிய நிலை அது.

யாருக்கு, எப்போது தடை

1610இலேயே ஆம்ஸ்டர்டாமில் இதற்குத் தடை வந்துவிட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளை இல்லாமலே விற்றவர்களைக் கட்டுப்படுத்த அது போடப்பட்டது. இந்தியாவில் 2001 மார்ச் மாத வீழ்ச்சியின்போது செபி தடை விதித்தது. 2007 டிசம்பர் 20 அன்று புதிய சட்டகத்தை வெளியிட்டு எல்லா வகை முதலீட்டாளர்களுக்கும் வழி திறந்தது. 2024 ஜனவரியில் அதே விதிகளை மீண்டும் எடுத்துரைத்தது. ஒப்படைக்கும் எண்ணமோ ஏற்பாடோ இல்லாமல் விற்பதற்கு அனுமதி இல்லை. நிறுவன முதலீட்டாளர்கள் அன்றைக்கே கணக்கை முடிக்கும் இன்ட்ராடே செய்யக் கூடாது. ஆர்டர் போடும்போதே அது ஷார்ட் என்று அவர்கள் அறிவிக்க வேண்டும். தனிநபர்கள் அன்றைய வர்த்தக நேரம் முடிவதற்குள் அறிவித்தால் போதும்.

செட்டிநாட்டில் குறிப்பாகச் சொல்ல வேண்டிய தடை ஒன்று உண்டு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகளின் என்.ஆர்.ஐ. கணக்கை ஊரில் உள்ள பெரியவர்கள் கவனித்துக்கொள்வது இங்கே வழக்கம். வெளிநாடுவாழ் இந்தியர் ரொக்கச் சந்தையில் டெலிவரியாக மட்டுமே வாங்கி விற்க முடியும். இன்ட்ராடேயும் ஷார்ட்டும் அவர்களுக்கு இல்லை. தம் கணக்கில் பழகிய கையோடு பிள்ளையின் கணக்கில் முதலில் விற்கப் போய்விடாதீர்கள்.

கணக்கு எழுதுவது

ஒவ்வொரு ஷார்ட்டையும் ஒரு குறிப்பேட்டில், ரூபாய்க்கு முன் எண்ணிக்கையை வைத்து, "கொடுக்க வேண்டியது 100 பங்கு, தவணை இன்று மாலை" என்று எழுதுங்கள். வாங்கி முடித்த பிறகு விலை, தரகு, வரி ஆகியவற்றை எதிரே எழுதி வரியை அடித்துவிடுங்கள். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது இன்ட்ராடேயையும் ஃபியூச்சர்ஸையும் தனித்தனியே வைக்க வேண்டும். இன்ட்ராடே வருமான வரியில் ஊக வணிகமாகக் கருதப்படுகிறது. அதில் வந்த நட்டத்தை ஊக ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும், நான்கு ஆண்டுகள் வரை கொண்டு செல்லலாம். ஃபியூச்சர்ஸ் நட்டம் சாதாரண வணிக நட்டம். அதற்கு எட்டு ஆண்டுகள் உண்டு. இரண்டுக்குமே கெடுவுக்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால்தான் அந்த உரிமை நிற்கும்.