முதலில் கழியுங்கள், அப்புறம் கருதுகோள்

ப்ராஜெக்ட் சீசனில் என் மேஜைக்கு வரும் நோட்டுகளில் பாதிக்கு மேல், ஒரே ஆளிடம் இரண்டு முறை அளந்த ஜோடித் தரவுக்கு 'இரண்டு சராசரிகளும் சமம்' என்றுதான் இன்மைக் கருதுகோள் (வித்தியாசம் ஏதும் இல்லை என்று தொடங்கும் அனுமானம்) இருக்கும். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அப்படி எழுதிய கை, அடுத்த பக்கத்திலேயே வெவ்வேறு ஆட்கள் கொண்ட இரண்டு தனிக் குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையைப் போட்டு வைத்திருக்கும். அதனால்தான் கருதுகோளைத் தொடும் முன் அட்டவணையில் 'வித்தியாசம்' என்று ஒரு பத்தி போடச் சொல்கிறேன்.

கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த காசெட், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட கணக்கையே பார்ப்போம். 10 நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற பதிவு. முதல் ஆளுக்கு 0.7, 1.9. ஐந்தாம் ஆளுக்கு இரண்டிலுமே 0.1 மணி குறைவு. ஒன்பதாம் ஆளுக்கு 0, 4.6.

இது ஜோடிதானா? ஒரு மருந்தின் பத்தியில் உள்ள எண்களை மட்டும் வரிசை கலைத்துப் போட்டுப் பாருங்கள். அர்த்தம் கெட்டால் ஜோடி. இங்கே கெடும், ஒரே ஆள்தான் இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார்.

சரி, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் இந்த மூவருக்கும் 1.2, 0, 4.6; இப்படியே மொத்தம் பத்து எண்கள். இனி கையில் இருப்பது ஒரே பத்திதான், எண்ணிக்கை 20 அல்ல, 10. இன்மைக் கருதுகோள்: இந்த வித்தியாசங்களின் முழுமைத்தொகுதிச் சராசரி (இந்த 10 பேர் மட்டுமல்ல, இப்படிப்பட்ட எல்லோருக்குமான சராசரி) பூஜ்யம். மாற்றுக் கருதுகோள்: பூஜ்யம் அல்ல. கூறில், அதாவது இந்த 10 பேரிடம், கிடைத்த சராசரி வித்தியாசமான 1.58-ஐக் கருதுகோளுக்குள் கொண்டுவராதீர்கள். அது சாட்சி, வழக்கு அல்ல.

'இரண்டாவது மருந்துதான் மேல்' என்று ஒருபக்கமாகக் கேட்கலாம், தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்திருந்தால். அப்போது எதிலிருந்து எதைக் கழித்தோம் என்பதை எழுதி வையுங்கள். உடல் எடைக் கணக்கு ஒன்றில் 'முன்'னிலிருந்து 'பின்'னைக் கழித்துவிட்டு, எடை குறையத்தானே வேண்டும் என்று மாற்றுக் கருதுகோளைப் 'பூஜ்யத்தைவிடக் குறைவு' என்று கரும்பலகையில் எழுதினேன். எடை குறைந்தால் அந்த விடை கூட்டல் குறியோடு வரும்! கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி பிடித்துவிட்டாள்.

ஜோடியாகச் செய்தால் காசெட் கணக்கில் டி 4.06, பி மதிப்பு (இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்தால் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.003-க்கும் கீழே. அதே எண்களைத் தனிக் குழுக்களாக நினைத்துப் போட்டால் பி ஏறக்குறைய 0.08, 5 சதவீத மட்டத்தில் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கவே முடியாது.

அந்த 4.6 கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. உறுத்தினால், வித்தியாசங்களின் தரவரிசையை வைத்துப் பார்க்கும் வில்காக்சன் குறி-தரச் சோதனைக்குப் போகலாம். அங்கே கருதுகோளில் 'சராசரி'யை அடித்துவிட்டு 'இடைநிலை' (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) என்று எழுத வேண்டும்.